நாலடி பதினொன்று

மோனேசே.
பெயரில்தான் மோனம்.
மே மாத விடுமுறைக்கு ஏரிக்கரை முழுக்க
கூடாரம், நாய், மோட்டார் படகு,
இறைச்சி சுடுகிற புகை.

நாங்கள் வாங்கிய கேரவன்
என்னைவிடப் பதினாறு வயது இளையது.
விற்றவர் கால்வைட். ட்ராம் ஓட்டியவர்.
அந்தச் சின்ன வாசலில் குனிந்து குனிந்தே
முப்பது கோடை கழித்த
ஆறடி நாலங்குலம்.
ஒவ்வொரு சுவிட்சின் கீழும்
பென்சிலால் ஒரு சொல் எழுதியிருந்தார்.
ஷவர்க் குழாயின் கீழே மட்டும் இரண்டு:
பொறுமை, தயவுசெய்து.

குளியலறை என்பது மரியாதைக்குச் சொல்வது.
முழங்கையை மடக்கினால் கண்ணாடி,
நீட்டினால் கழிப்பறை மூடி.
திரையோ நனைந்தவுடன் முதுகோடு ஒட்டும்.
கல்யாணமான புதிதில்கூட
நீங்கள் இப்படி ஒட்டியதில்லை என்றேன்.
குகநேசன் சிரிக்கவில்லை.

தண்ணி வந்தது.
வந்தது என்றால்,
கூரையோடு தொங்கிய ஷவரிலிருந்து
கடனைத் திருப்பித் தருகிறவர் மாதிரி
சொட்டுச் சொட்டாய்.
உச்சந்தலைக்கு வருமுன் ஆறியும் போனது.
முதல் வார இறுதி முழுக்க
காக்காக் குளிப்பு.

பம்பை மாற்று என்றார் குகநேசன்.
மாற்றினேன். பன்னிரண்டு வோல்ட்,
நாற்பத்தொரு யூரோ,
தேன்கூட்டைக் கலைத்தது போலச் சத்தம்.
சொட்டு, கொஞ்சம் தடித்த சொட்டானது.
ஷவரை மாற்று என்றாள் பக்கத்துக் கேரவன் ஜூட்டா.
அதையும் மாற்றினேன். பொடிப்பொடி ஓட்டை,
அழுத்தினால் தண்ணியை நிறுத்துகிற பொத்தான்.
நிறுத்துவதற்கு அங்கே என்ன ஓடியது?

மூலைகளில் கறுத்துப்போன சிலிக்கனை
வெண்ணெய்க் கத்தியால் சுரண்டி எடுத்து
புதிது பிதுக்கி, ஈர விரலால் நீவிவிட்டேன்.
இதில் மட்டும் எனக்கு ஒருவரும்
யோசனை சொல்லத் தேவையில்லை.
டோர்ட்முண்டில், ஆஸ்பத்திரியின் நாலாம் மாடியில்,
இருபத்திரண்டு வருஷம்
மற்றவர்கள் குளித்த இடத்தைத் துடைத்தவள்.
பூஞ்சை முதலில் எங்கே பாய் விரிக்கும் என்று
என் முட்டிக்கே தெரியும்.

ஞாயிறு மழை. குகநேசன் தூக்கம்.
இருக்கைப் பெட்டிக்குள் தலையை விட்டு
டார்ச்சைப் பல்லில் கவ்வி
குழாயைத் தடவிக்கொண்டே போனேன்.
மடிப்பு இல்லை. கசிவு இல்லை.
அலுத்துப்போய், முட்டியில் நின்றபடியே
ஷவரைக் கையில் எடுத்துச் சும்மா திறந்தேன்.

பாய்ந்தது.

எழுந்தேன், இளைத்தது.
கையை உயர்த்தினேன், சொட்டு.
இறக்கினேன், முகத்தில் அடித்தது.
சட்டை நனைய நனைய
ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி,
பத்து லீட்டரும் தீர்ந்த பிறகுதான் நிறுத்தினேன்.

பம்பில் ஒரு குற்றமும் இல்லை.
பழசிலும் இருந்திருக்காது.
ஆறடி நாலங்குலத்துக்கு ஏறி ஏறி
மூச்சு வாங்கியிருக்கிறது, பாவம்.

நான் நாலடி பதினொன்று.

சுவரோடு முதுகை ஒட்டி நின்று
தலைக்கு மேல் ஒரு சாண் அளந்து
கண்மைப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.
ட்ரில்லை அழுத்தியபோது கேரவனே நடுங்கியது.
அங்கே என்னத்தை உடைக்கிறாய்?
சுவரை, என்றேன்.

கொக்கி கீழே வந்தது.
மேலே இருந்த ஓட்டை இரண்டையும்
மிச்சச் சிலிக்கனால் அடைத்தேன்.
கூரைக்குக் கீழே இப்போது
கால்வைட்டின் உயரத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளி.

பிறகு குளித்தேன்.
நாலு நிமிஷம் சுடுதண்ணி, நிமிர்ந்து நின்று,
கை இரண்டும் சும்மா தொங்க.
பின்கழுத்தில் தொடங்கி
எங்கெங்கோ போய் இறங்கியது.
வெளியே வரும்போது எதையும் துடைக்கவில்லை.
கண்ணாடியில் நீராவி, தரையில் நுரை,
வடிகாலில் என் முடி ஒரு சுருள்.
இருக்கட்டும்.

அடுத்துப் போனவர் உள்ளிருந்து கத்தினார்:
இது எனக்கு நெற்றிக்குத்தானே வருது?

குனியுங்கோ, என்றேன்.