மூன்றாம் டிபி பெட்டி

மபேலாவின் இந்தக் கட்டடத்துக்கு ஒரு வரலாறு உண்டென்றால்
அது கீழ்த்தளத்தில், பம்ப் அறைக்கு எதிரே,
சாம்பல் நிறத் தகரப் பெட்டிக்குள் இருக்கிறது.
சாவி என்னிடம்.

நாற்பத்திரண்டு பிரேக்கர்கள்.
ஒவ்வொன்றின் கீழும் வெள்ளை டேப்பில்
சவரிமுத்து எழுதியது, தமிழில்,
வேறு யாரும் திறந்து பார்க்கப்போவதில்லை என்ற தைரியத்தில்.

எட்டு: கேசட் கடை.
அது சி.டி. கடையாகி, மொபைல் கவர் விற்று,
இப்போது இருநூறு பைசாவுக்குக் கரக் சாயா.
பிரேக்கருக்கு இன்னும் தகவல் போகவில்லை.

பதினொன்று: கோயா.
சூப்பர் மார்க்கெட் என்று எழுதவில்லை.
வியாழன் ராத்திரி லாரியில் முருங்கைக்காய் வந்தால்
எங்களுக்கென்று நாலு ஒதுக்கிவைக்கும் ஹம்சக்கோயா.
முதல் வருஷம் அது ஒன்றுதான் திறந்திருந்தது.
மற்ற ஷட்டர்களுக்குப் பின்னால்
சிமெண்ட் மூட்டைகள், பூனைகள்.
சுற்றிலும் கல்.
ரோட்டுக்குப் பெயர் வராத காலம்.
"கட்டிக்கிட்டே இருக்காங்களே, அங்க" என்றால்
டாக்ஸிக்காரன் கொண்டுவந்து விட்டுவிடுவான்.

இருபது: ஏணி.
எஸ்கலேட்டரைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்.
அதை ஓடவிட்ட இரவு நான் ஹெல்பர், கையில் டார்ச்.
ருஸ்தாக்கிலிருந்து பிக்கப்பில் குடும்பங்கள் வந்தன
ஒன்றும் வாங்காமல் மேலே போய், கீழே வந்து,
மறுபடி மேலே போக.
ஒருவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார்.
முதலாளி கமீஸ் தூணோரம் நின்று
விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.
தலைகளையா வாடகையையா, தெரியாது.

புயல் வந்த ஜூனில்
வாதி தன் பழைய தடத்தைத் தேடி
பார்க்கிங் சரிவில் இறங்கி வந்தது.
எந்த வரைபடத்திலும் இல்லாத தடம்.
பலகை மேல் நின்று சவரிமுத்து மெயினை இறக்கினார்.
அதுவரை கட்டடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது என்பதே
அப்போதுதான் தெரிந்தது.
பெட்டியின் அடியில் சேற்றுக் கோடு இன்னும் இருக்கிறது.
பெயிண்ட் அடிக்க ஆள் வந்தபோது
அந்த இடத்தை மறைத்து நின்றுகொண்டேன்.

முப்பத்து மூன்றிலிருந்து நாற்பத்திரண்டு வரை: புதுப் பக்கம்.
ஃபுட் கோர்ட், மோதும் கார்கள், மூன்று நகைக்கடை.
இன்றைக்கு மொத்தக் கட்டடத்திலும்
பழசாய்த் தெரிவது அதுதான்.

நெடுஞ்சாலைக்கு அப்பால் பெரிய மால் வந்தது.
உள்ளேயே பனிச்சறுக்கு.
மகளுக்கு ஷூ வாங்கக் கோயாவும் அங்கேதான் போனார்.
பஸ் ஸ்டாப்பில் என்னைக் கண்டதும்
பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.
மழை வருமா என்று கேட்டார். ஏப்ரலில்.

ருவி ஆபீசிலிருந்து உத்தரவு:
மேல்தளத்தில் லைட் ஒன்றுவிட்டு ஒன்று அணைக்கவும்.
எஸ்கலேட்டரை நிறுத்தவும்.
நின்ற எஸ்கலேட்டரில் கால் வைத்தால்
உடம்பு ஒருமுறை முன்னால் சாய்கிறது,
ஓடும் என்று நம்பி.
தினம் ஏறுகிற எனக்கே.

புது மேனேஜர் தன்வீர் கெட்டவர் இல்லை.
பிரிண்ட் போட்ட ஸ்டிக்கர் கொடுத்தார்.
ஜி-08. ஜி-11. எஃப்-26.
பழைய டேப்பை உரிக்கச் சொன்னார்.
உரிக்கவில்லை, மேலேயே ஒட்டினேன்.
நகத்தால் கீறினால் கோயா வருவார்.

இருபத்தாறு: மரிசெல்.
சலூன். நோய்க் காலத்தில் மூடியது.
கத்தரி, கண்ணாடி, நாற்காலி எல்லாம் போய்விட்டன;
ஒயரில் இழுக்க ஒன்றும் இல்லை.
ஆனாலும் வாரம் ஒருமுறை அந்த பிரேக்கர் விழுகிறது.
ஈரமாக இருக்கலாம். எலியாக இருக்கலாம்.
லாக்புக்கில் காரணம் என்ற கட்டத்தில்
கோடு போட்டுவிட்டு
ஏற்றிவைக்கிறேன்.

சவரிமுத்து ஊரிலிருந்து போன் பண்ணினால்
என்னை விசாரிப்பதற்கு முன்னால் கேட்பார்:
"ஏணி ஓடுதாடா?"
போன வாரமும் கேட்டார்.
ஓடுது அண்ணே என்றேன்.
அதன் ஒன்பதாம் படியில் உட்கார்ந்து
டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தேன்.