நான்காவது சத்தம்

கிளேஸ் பே சுரங்கம்.
தலைக்கு மேலே அட்லாண்டிக் கடல்.

மோராக் மூன்று பெட்டி இழுப்பாள்.
கொக்கி மாட்டும் ஓசையை
காதைத் திருப்பி எண்ணுவாள்:
ணங். ணங். ணங்.
நான்காவது கேட்டுவிட்டால்
நாலு காலும் ஆணி அடித்தாற்போல் நிற்கும்.
திட்டலாம், கெஞ்சலாம்,
அசையமாட்டாள்.

ஃபின்லே மேஸ்திரி ஒருநாள்
கொக்கிக்குச் சாக்குத்துணி சுற்றினார்.

இழுத்தாள்.
ஏற்றத்தில் முழங்கால் நடுங்கியது,
கடிவாளத்தில் நுரை.
என்ன கனம் இது என்று
ஒரே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

நான் அவளுடைய ஓட்டுநன். பதினாலு வயசு.
துணி சுற்றுகையில்
விளக்குப் பிடித்தவன்.
அந்த வாரக் கூலியில்
பத்து சென்ட் கூடுதல்.

மறுநாள் நீட்டிய ஆப்பிளை
மோந்தாள், வாங்கவில்லை.
என் சட்டைப்பைப் புகையிலையை மட்டும்
எப்போதும்போல்
திருடித் தின்றாள்.