வால்வில்லாத குழாய்

இருபத்தெட்டு வருஷமாக
ஆண்டாப் ஹில்லுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவன் நான்.
இன்று பரேலில், குளிரூட்டிய அறையில், என் ஈரல்
திரையில் ஒரு வார்டு வரைபடமாகக் கிடக்கிறது.

தொடை வழியே ஏறிய குழல் நின்றதும்
டாக்டர் பட்கர் மருந்தைச் செலுத்தினார்.
நல்ல நாளங்கள் சொன்னபடி கேட்டு
சுருங்கின.
கட்டிக்குள் ஓடுபவை மட்டும்
வாய் பிளந்தபடி.

"அதுகளுக்குத் தசை கிடையாது அண்ணாச்சி,
அவசரத்துல முளைச்சது" என்றாள்
எக்ஸ்ரே பெண் ரெஜினா, திசையன்விளைக்காரி.

தெரியும் தாயி.
எல்லார் வால்வையும் இறுக்கினால்
பன்னிரண்டாம் சந்தின் திருட்டு இணைப்பில்தான்
பீறிட்டு வரும்.
தெரிந்தும் விட்டுவைத்தேன்,
அங்கே ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருந்தாள்.

இங்கே விட மாட்டார்கள்.
ரத்தம் அந்தப் பக்கம் திரும்பிய கையோடு
பின்னாலேயே விஷத்தை அனுப்பினார்கள்.
நல்லவை மூடிக்கிடப்பது சில நிமிஷம்தான்,
அதற்குள் முடிய வேண்டும்.

எனக்கு வேறு கவலை.
நாளை விடியற்காலை நாலே முக்காலுக்கு
என் சாவியை யார் திருப்பப் போகிறார்களோ.
கடைசி அரைச்சுற்றில் அது சிக்கும்,
கொஞ்சம் இடப்பக்கம் சாய்க்க வேண்டும்.