நட்சத்திரக் குறி

உன் பெயருக்குக் கீழே
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது டாலர்.
அந்த எண்ணின் தோளில் ஒரு சின்ன நட்சத்திரம்.
அச்சடித்தவள் நான்தான், யாரெலி.
அறுநூற்றுப் பன்னிரண்டு கடிதங்களில்
அறுநூற்றுப் பன்னிரண்டு நட்சத்திரங்கள்.
ஒரே மதியத்தில் இரண்டு முறை டோனர் மாற்றினேன்.

அதன் பொருள் பக்கத்தின் அடியில் இருந்தது,
எறும்பு ஊரும் எழுத்தில்:
மாநில பட்ஜெட் நிறைவேறினால்.
அவ்வளவு தூரம் யாரும் இறங்கி வருவதில்லை.
தொகையைப் பார்த்த கண்
அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறது.

நான்கு மணி நேரம் வடக்கே, தலைநகரில்,
மே கடைசியிலேயே சபை கலைந்து
ஏரிக்கரை வீடுகளுக்குப் போய்விட்டார்கள்.
செலவுப் பட்டியலில் நீங்களெல்லாம் நாற்பத்தோராம் வரி.
நாற்பது, பாலங்களுக்கு வண்ணம் பூசுதல்.
நாற்பத்திரண்டு, மான் கணக்கெடுப்பு.
உங்கள்மேல் அவர்களுக்குக் கோபம் எதுவும் இல்லை.
ஒரு வரியைக் கூட்டுவதா குறைப்பதா என்ற சண்டை.
அது முடியும்வரை
மற்ற வரிகள் எல்லாம் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று.
மான்கள் உட்பட.

அக்டோபரில் ஜன்னலுக்கு வந்தாய்.
வான்கோழி ஆலையின் இரவு வேலை முடித்து நேராக,
மணிக்கட்டில் கையுறை ரப்பரின் சிவந்த தடம்.
உனக்குப் பின்னால் ஆர்லோ ஸ்விட்சர்,
ஐம்பத்து மூன்று வயதில் குளிர்சாதனப் பழுது படிப்பவர்,
தொப்பியைக் கையில் எடுத்து வைத்திருந்தார்,
இது வங்கியோ தேவாலயமோ என்பதுபோல.
"பணம் வருமா?" என்றாய்.
"கல்லூரி இப்போதைக்குப் போடுகிறது" என்றேன்.
எங்கள் மொழியில் இப்போதைக்கு என்றால் டிசம்பர் வரை என்று
நான் சொல்லவில்லை.

டிசம்பர் போயிற்று.
நூலகம் ஆறு மணிக்கே இருண்டது.
எழுதக் கற்பிக்கும் மிஸ் ஓகாஃபோரின் மேசையில்
வேறு யாருடைய பெட்டிகளோ இருந்தன.
நீங்கள் வகுப்புக்கு வந்துகொண்டே இருந்தீர்கள்.

ஏப்ரலில் ஒரு நள்ளிரவு அவர்கள் கைதட்டிக்கொண்டார்கள்.
ஒப்பந்தம்.
நாற்பத்தோராம் வரிக்குப் பாதி:
இலையுதிர் பருவத்துக்கு உண்டு, வசந்தத்துக்கு இல்லை.
வசந்தமோ முடிய மூன்று வாரம்தான் பாக்கி.

மறுபடியும் நான்தான் அச்சடித்தேன்.
தொள்ளாயிரத்து இருபது, நீ தர வேண்டியது.
இந்த முறை நட்சத்திரம் இல்லை.
கடனுக்கு நிபந்தனை கிடையாது.

ஜன்னல் இடுக்கில் கடிதத்தை என் பக்கம் தள்ளினாய்.
"படிச்சாச்சே," என்றாய்.
"இருநூற்று ஆறு எலும்பு, நாளங்கள், வால்வுகள்.
எதைத் திருப்பிக் கொடுக்கட்டும்?"
நான் படிவத்தைத் தேடினேன்.
அதற்கும் ஒரு படிவம் உண்டு, வெளிர் பச்சை.
நீ இடுக்குக்குள் கையை நீட்டி
என் மணிக்கட்டைப் பிடித்தாய்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உதடசைத்தாய்.
ஆர்லோ இருமலை அடக்கிக்கொண்டார்.
"தொண்ணூற்றாறு," என்றாய்,
"அதிகம். தண்ணி குடிங்க.
கொஞ்சம் உட்காருங்க."
நான் நாள் முழுக்க உட்கார்ந்துதான் இருக்கிறேன்.

உன் மதிப்பெண் பட்டியலுக்குப் பூட்டுப் போட்டதும் இதே கைதான்.
ஒரு பொத்தான். கணினி ஒருமுறை
நிச்சயமா என்று கேட்டது.

இந்த ஆகஸ்ட், புதிய கடிதம், அதே நட்சத்திரம்.
அடிக்குறிப்பை ஏழிலிருந்து பதினான்காக்கினேன்.
என்றால், இல்லையென்றால், ஒருவேளை,
எல்லாம் இப்போது தலைப்பின் அளவுக்கு நிற்கின்றன.
ஒரு பக்கம் இரண்டாகி, உறை கனத்துப்போனது.
மேலாளர் டென்னெஹி தராசோடு வந்து நின்றார்.
கூடுதல் தபால்தலைக்கு
பட்ஜெட்டில் இடமில்லையாம்.