கம்பு பிடித்தவர்

எழும்பூர் காப்பகத்துக்குள் பேனா கூடாது.
ஒரு பென்சில், ஆதார் நகல்,
தும்மலை அடக்கத் தெரிந்த மூக்கு,
இவை போதும்.

நான் தேடி வந்தது ஓர் ஏரியை.
எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் வழக்குக்காக.
அங்கே தண்ணீர் இருந்ததென்று
தண்ணீரே வந்து சொன்னால் நீதிமன்றம் ஏற்காதாம்.
இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பரில்
மாடிப்படி ஏழு ஏறி
அது சொல்லித்தான் பார்த்தது.

பசலி ஆயிரத்து முந்நூற்றுப் பதினொன்று.
"ஐந்நூத்தித் தொண்ணூறைக் கூட்டிக்குங்க மேடம்,
இங்கிலீஷ் வருஷம் வந்துரும்" என்றார்
கட்டை அவிழ்த்துத் தந்த ஜெயசீலன்.
ஏரி உள்வாய், கலிங்கு, மதகு இரண்டு,
சுடுகாட்டுப் பாதை.
எல்லாவற்றுக்கும் எண் இருந்தது.
எங்கள் பத்திரத்திலும் அதே எண்தான்;
சாய்கோட்டுக்குப் பின்னால்
நிறையக் குட்டி போட்டிருக்கிறது.

மூன்றாம் நாள்
பருத்தித் துணியில் சுற்றிய கண்ணாடித் தகடு வந்தது.
ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன்.
கறுத்த வானம். வெளுத்த மனிதன்.
வருடி எடுத்துத் தலைகீழாக்கியதும்
கணினித் திரை முழுக்க ஏரி.
நெஞ்சளவு நீரில் ஒருவர்,
கையில் அளவுக் கம்பு.
அடியில் துரையின் சாய்வெழுத்து:
நீர்மட்டம் நிறைவு. ஆழம் நான்கடி.
ஆளைப் பற்றி ஒரு சொல் இல்லை.
முகமும் இல்லை.
கழுத்துக்கு மேலே ஒரு சாம்பல் சுழல்,
ஈரத்தில் துடைத்த சிலேட்டு மாதிரி.

பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன்.
புள்ளிகள்தான் பெரிதாயின.

வழக்குக்குத் தேவையில்லாத கூலிப் பட்டியை
ஏன் கேட்டு வாங்கினேன் என்று தெரியவில்லை.
கரையான் தின்றது போக மீந்த பக்கத்தில்,
பழுப்பு மையில், தமிழில்:
கம்பு பிடிக்கிற ஆள் கன்னியப்பன்.
நாள் ஒன்று. கூலி மூன்றணா.
படம் பிடிக்கையில் அசைந்தபடியால்
பிடித்தம் ஆறு பை.

அட்டை கடித்ததா,
காலடியில் நீர்ப்பாம்பா,
கரையிலிருந்து யாராவது
பேர் சொல்லிக் கூப்பிட்டார்களா?
பட்டியில் அதற்குக் கட்டம் கிடையாது.

அவர் நின்ற இடத்துக்கு நேர் மேலே
எங்கள் கட்டடத்தின் லிஃப்ட் குழி.
ஐப்பசி தொடங்கினால்
அதற்குள் மோட்டார் வைத்து இறைக்கிறோம்.
தெருவின் பெயர்ப் பலகையில்
ஏரிக்கரை இரண்டாம் குறுக்குத் தெரு என்றிருக்கிறது;
நாங்கள் இருப்பது கரையில் அல்ல.

வக்கீல் சம்பூர்ணம் படத்தைப் பார்த்தார்.
மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"முகம் கலைஞ்சிருக்கே.
கம்ப்யூட்டர்ல செஞ்சதுன்னு எதிர்த்தரப்பு கிளப்பும்.
ஆளை எடுத்துடுங்க.
தண்ணியும் கம்பும் போதும்."

இரவு உட்கார்ந்து வெட்டினேன்.
முதலில் அந்தச் சுழல் போயிற்று.
பிறகு தோள், தோளில் கிடந்த துண்டு,
முழங்கை.
மணிக்கட்டில் சுட்டி நின்றுவிட்டது.

நான்காம் கோட்டை ஒட்டி,
நீர் தொடும் இடத்தில்,
கம்பைச் சுற்றி நான்கு விரல்கள்.
அவற்றை எடுத்தால் கோடும் போய்விடும்.
பெரிதாக்கிப் பார்த்தேன்:
நகத்தடியில் சேறு தெரிகிறது,
ஒரு விரலில் பழைய வெட்டுக்காயம்.
அவ்வளவு துல்லியம்.

கை அசையவே இல்லை, கன்னியப்பன்.
ஆறு பையை
அநியாயமாகத்தான் பிடித்திருக்கிறார்கள்.