மார்க்கம், அதிகாலை மூன்று பத்து

இந்த நகருக்கு வைத்தது ஆங்கிலப் பெயர்தான்.
தமிழ்க் காதில் விழுந்ததும் அது
வழி என்று ஆகிவிடுகிறது.
வழியைத் துப்புரவாக்குவது என் சம்பளம்.

வானொலி சொன்னது பதினெட்டு சென்ரிமீற்றர்.
லொறியின் முன்னால் இரும்பு அலகு,
விதைக்க ஒன்றுமில்லாத கலப்பை.
மஞ்சள் விளக்கு சுழலச் சுழல
வீடுகள் ஒருகணம் விழித்து
மறுகணம் உறங்குகின்றன.

திருவருகைக் காலத்தின் இரண்டாம் கிழமை முடிகிறது.
வீட்டு மேசையில்
ஊதாத் திரிகள் இரண்டும் கட்டையாகிவிட்டன.
ரோசாத் திரி இன்னும் நெருப்பறியாமல் நிற்கிறது.
மகள் ஜெனிற்றா
இருபத்துநான்கு சின்னக் கதவுள்ள சொக்கலேற் பெட்டியை
ஒரே பின்னேரத்தில்
நத்தார் வரைக்கும் திறந்து தின்றுவிட்டாள்.
ஏன் பிள்ளை என்று கேட்டேன்.
"காத்திருந்து பாத்தனான் அப்பா,
ஒண்டும் நடக்கேல்லை."

பூசையில் சுவாமியார் சொன்னார்,
மேடு தாழ வேண்டுமாம், கோணல் நிமிர வேண்டுமாம்,
வருகிறவருக்கு வழி வேண்டுமாம்.
எல்லோரும் தலையாட்டினோம்.
எனக்குக் கொஞ்சம் பெருமையும்கூட.
அந்தக் கோவிலில் அதை
மணித்தியாலக் கூலிக்குச் செய்பவன் நான் ஒருவன்தானே.

அவர் சொல்லாத ஒன்று
லொறிக்காரனுக்குத் தெரியும்:
அள்ளிய பனி எங்கும் மறைந்துபோவதில்லை.
அலகு வலப்பக்கம் சாய்ந்திருக்கும்.
நான் திறந்த வழி முழுவதும்
யாரோ ஒருவரின் வாசலில் மேடாகக் கிடக்கும்.

அந்த யாரோ,
நாற்பத்தோராம் இலக்கத்தில்,
மச்சான் எமிலியானுஸ்.

நாலு வருசத்துக்கு முன்
ஒரு சாமத்தியவீட்டு மண்டபத்தில்
ஆட்டிறைச்சி பரிமாறும் நேரம்
சீட்டுக்காசு ஆறாயிரத்துக்காக
அவனைக் கள்ளன் என்றேன்.
மைக் பக்கத்தில் இருந்தது.
பிறகு கொப்பியைப் பார்த்தால்
பிழை என் கையெழுத்தில்.
ஒன்றா ஏழா என்று தெரியாத ஓர் இலக்கம்.
அதை ஒருவருக்கும் சொல்லவில்லை,
மைக் இல்லாத இடத்திலும்.

சில வாசல்களில் வேகம் குறைப்பேன்.
சக்கரநாற்காலிக் கிழவர், இரவு வேலைக்குப் போகும் தாதி.
நாற்பத்தொன்றில் குறைப்பதில்லை.
இது பாவம் என்று எந்தச் செபப் புத்தகத்திலும் இல்லை,
ஆகவே பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதுமில்லை.

இன்றைக்கு ஏன் என்று தெரியாது.
கால் பிரேக்கில் இருந்தது.
இருக்கைக்குப் பின்னால் கிடந்த சவளை இழுத்துக்கொண்டு
இறங்கினேன்.
முழங்காலளவு மேடு,
உப்போடு இறுகி, பாதி காய்ந்த சீமெந்துபோல்.
அலுவலகத் திரையில் இப்போது நான்
அசையாத ஒரு புள்ளி.

செபம் சொல்லப் பார்த்தேன்.
மூச்சுத்தான் வந்தது, வெள்ளையாக.
வெட்கமாகவும் இருந்தது.
வாயால் கேட்க வேண்டியதை
எவனாவது சவளால் கேட்பானா?

நாலடி திறந்தது.
கார் போகாது.
ஓர் ஆள் போகலாம்.
ஒரு கழுதை போகலாம்,
மேலே பிள்ளைத்தாச்சி ஒருத்தி இருந்தாலும்.

மாடியில் வெளிச்சம்.
திரைச்சீலை ஒதுங்கியது.
அவனோ, புளோறன்ஸோ.
கையைத் தூக்கலாமா என்று பார்த்தால்
இரண்டு கையிலும் சவள்.
வெளிச்சம் அணைந்தது.

வோக்கிடோக்கி என் பெயரைப் பிழையாகக் கூப்பிட்டது.
பனி திரும்பவும் தொடங்கியிருந்தது,
நான் வழித்த நாலடியிலும்.
நாளைக்கும் இந்தத் தெரு என் பட்டியலில் இருக்கிறது.
நாளைக்கு அழைப்புமணியை அழுத்துவேனா தெரியாது.

விடிய வீட்டுக்கு வந்தேன்.
மேசையில் ஜெனிற்றாவின் பெட்டி.
இருபத்துநான்கு கதவும்
உள்ளே ஒன்றுமில்லாமல் திறந்து கிடந்தன.
மூடப் போன கையை
எடுத்துக்கொண்டேன்.