891, அஞ்செட்டிப் பக்கம்

இருபது அங்குலக் கண்ணாடி.
அரை மூட்டை ராகி கனம்.
போர்வை சுற்றி, சீட் பெல்ட் மாட்டி
ஓசூரிலிருந்து கொண்டுவந்தேன்.
தேன்கனிக்கோட்டை தாண்டியபின்
ஒவ்வொரு வேகத்தடையிலும்
அதனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பாறை இன்னும் பகலை விடவில்லை.
எட்டுக் குழாய், பதினாறு திருகு.
ஒரு திருகு எப்போதும் புல்லில் விழும்.
சிவப்பு விளக்கில் தேடினால்
உலகமே துருப்பிடித்த மாதிரி இருக்கும்.

பகலில் எனக்கு வேலை
உதிரி பாகங்களில் மைக்ரான் பிழை பிடிப்பது.
இங்கே,
மூன்று கோடி ஆண்டுப் பழைய வெளிச்சத்தில்
ஒரு கோடு இருக்கிறதா என்று பார்ப்பது.
விளிம்பை நமக்குக் காட்டி நிற்கிற விண்மீன் திரள்,
நடுவில் தூசு,
வகிடு எடுத்ததுபோல்.
பெயர் கிடையாது, எண்தான்,
டவுன் பஸ் மாதிரி: 891.
மூன்று அமாவாசையாக நிற்கிறேன்.
பஸ் வருகிறது,
பலகைதான் தெரியவில்லை.

கண்ணை நாற்பது நிமிடம்
இருட்டில் ஊறப்போட வேண்டும், புளி மாதிரி.
ஊறியதும் ஏணியில் ஏறினேன்.
வடக்கே அடிவானத்தில் பெங்களூர்,
பால் பொங்கி வழிந்த கறை.
அதற்கு வெகு மேலே
ஒரு நீள மூச்சு.
கண்ணாடியில் ஊதினால் படியுமே, அவ்வளவுதான்.

அப்போது
கீழே ராகிக் காட்டுப் பரணிலிருந்து ஒரு டார்ச்
பாறையை, குழாயை, என் முகத்தைத்
துடைத்துக்கொண்டு போனது.
நாற்பது நிமிடமும் போனது.

"யாரு அங்க? சிப்காட்டுக்கு அளக்க வந்தீங்களா?"

இறங்கிப் போனேன், சண்டைக்குத்தான்.
திம்மராயன். இருபத்தைந்து வயது இருக்கும்.
மப்ளர், தகர டப்பா,
பனியில் நமுத்துவிடாமல் சட்டைக்குள் பட்டாசு.
முந்தாநாள் ஆறு ஆனை இறங்கியதாம்.
முக்கால் ஏக்கர், கதிர் முற்றி நிற்கிறது.
விளக்கை அணை என்று சொல்ல வந்தவள்
"எத்தனை மணிக்கு வரும்?" என்றேன்.
"அதுங்களுக்கு ஏதுக்கா மணி."

விளக்கில்லாமல் தெரியுமா?
"விளக்கு விரட்டுறதுக்குங்க.
பாக்குறதுக்கு இருட்டுதான்.
நேரா பாத்தா ஆனை இருக்காது.
பக்கத்து மரத்தப் பாக்கணும்,
அப்ப இருக்கும்."

எனக்கு அது பழக ஒரு வருடம் ஆயிற்று.
சொல்லவில்லை.
"ஒண்ணு காட்டறேன், வர்றீங்களா" என்றேன்.

ஏணியை ஒருமுறை ஆட்டிப் பார்த்து ஏறினான்.
எதைத் தேட வேண்டும் என்று
வேண்டுமென்றே சொல்லாமல் நின்றேன்.
வெகுநேரம் சத்தமில்லை.
பிறகு,
"நெல்லு மாதிரி இருக்குது.
ராகி இல்ல, நெல்லு.
நடுவுல கறுப்பா பொளந்திருக்கு."

நான் ஏறிப் பார்த்தேன்.
மூச்சு. மூச்சு மட்டும்.
அந்த டார்ச்சுக்கு
அவன் பின்னால் இருந்தவன், நான் முன்னால்.
இது நியாயமே இல்லை என்று
மூன்று கோடி ஆண்டுக்கும் சேர்த்து
பொறாமைப்பட்டேன்.

காட்டுக்குள் மூங்கில் ஒடிந்தது.

அவன் பாதிப் பாறை இறங்கிவிட்டான்.
ஐந்து பரணில் ஐந்து டார்ச்,
தகரம், பட்டாசு, கன்னடத்தில் வசவு,
தெலுங்கில் சாமி பெயர்.
கண்ணாடியின்மேல் போர்வையை எறிந்துவிட்டு
பொலேரோவைத் திருப்பி
ஹைபீமை ராகிமேல் போட்டேன்,
விடியும்வரை எனக்கு இருட்டு கிடையாது என்று தெரிந்தே.

வெள்ளையாகக் கதிர்கள், புகை,
ஓடுகிற கால்கள்.
ஆனை ஒன்றுகூடத் தெரியவில்லை.
நேராகப் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது.

குறிப்பேட்டில்
கண்டதை மட்டும் எழுதுவது என் வழக்கம்:

கார்த்திகை அமாவாசை. லேசான பனி.
891. தூசுக்கோடு தெரிந்தது.
கண்டவர்: திம்மராயன்.
நான் காணவில்லை.
ராகி, கிழக்கு ஓரம், நாலு சால் போனது.